புலி வரும் பாதையில் ஒரு கோபுரம்

"அண்ணே, இவன் போன்ல என்னமோ கோட்டை கட்டுறான், கோபுரம் கட்டுறான், எதிரி வர்றான்ங்கிறான். இதுவும் ரம்மி மாதிரி காசு வச்சு ஆடுறதா? போனைப் புடுங்கிடவா, விட்டுடவா?"

கூத்தாநல்லூர் கடைத்தெருவில், மளிகைக்கடை வாசலில் நிறுத்தி ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. வீட்டுக்காரர் சிங்கப்பூரில். எங்கள் ஊருக்கு 'சின்ன சிங்கப்பூர்' என்று பட்டப்பெயரே இருப்பதால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பையன் ஒன்பதாம் வகுப்பு. போன் அத்தா வாங்கி அனுப்பியது. அதில் என்ன ஓடுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு அம்மாவுடையது. அத்தாவிடம் கேட்டால் 'நீயே பாத்துக்க' என்பார். பையனிடம் கேட்டால் 'உங்களுக்குப் புரியாதும்மா' என்பான். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற அம்மாக்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அதனால் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் பயத்தைப் பிரித்துப் பார்ப்போம். தமிழ்நாட்டு வீடுகளில் 'கேம்' என்ற சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டுக் குடும்பமே நிலைகுலைந்த செய்திகளை எல்லோரும் படித்திருக்கிறோம். அதற்காகவே நம் மாநிலம் தனிச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் ஒரு சட்டம் நிறைவேற்றியது. பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்ற ஆசையில் ஆடுகிற ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடு முழுக்கத் தடை போட்டது அந்தச் சட்டம். இ-ஸ்போர்ட்ஸும் பொழுதுபோக்கு ஆட்டங்களும் வேறு வகை என்று அதே சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. பையன் ஆடும் கோட்டை ஆட்டம் இந்த இரண்டாவது வகை. அதில் பந்தயம் இல்லை. கடையில் கேரம் போர்டு வாங்குவதுபோல விலை கொடுத்து வாங்கலாம். சிலவற்றை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஜெயித்தால் ஒரு பைசா வராது.

சரி, அது என்ன ஆட்டம்?

பெயர் 'டவர் டிஃபென்ஸ்'. புரியவைக்க எனக்கு வெளிநாட்டு உதாரணம் எதுவும் தேவைப்படவில்லை. ஆடு புலி ஆட்டம் ஆடியவர்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும்.

திண்ணையில் கரிக்கட்டியால் முக்கோணம் போட்டு ஆடுவோமே, அதேதான். பழைய கோயில் மண்டபங்களில் தரைக்கல்லிலேயே அந்தக் கோடுகளைச் செதுக்கி வைத்திருப்பதை இன்றும் பார்க்கலாம். புலி மூன்று, ஆடு பதினைந்து. கோடுகள் சந்திக்கும் இடம் இருபத்து மூன்று. ஆடு புலியை வெட்ட முடியாது. ஆட்டைத் தாண்டி அடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி குதித்து வெட்டிவிடும். அதனால் ஆட்டுக்காரர் ஒவ்வோர் ஆட்டையும் வைக்கும்போது ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்ப்பார்: இதற்குப் பின்னால் ஓட்டை இருக்கிறதா? பதினைந்தையும் இறக்கி முடிக்கும்வரை வைத்த ஆட்டை நகர்த்தவும் முடியாது. தப்பான இடத்தில் வைத்தால் வைத்ததுதான். கடைசியில் மூன்று புலிக்கும் நகர இடமில்லாமல் செய்துவிட்டால் ஆடு ஜெயித்தது.

பலமில்லாதவன் இடத்தைத் தேர்ந்தெடுத்தே பலசாலியை நிறுத்துகிற ஆட்டம் அது. டவர் டிஃபென்ஸின் உயிரும் அதுதான். ஒன்றிலிருந்து இன்னொன்று பிறந்தது என்று சொல்லவில்லை. கணினியில் அதன் வம்சம் வேறு. 1990-இல் அட்டாரி கொண்டுவந்த 'ரேம்பார்ட்' என்ற கோட்டை ஆட்டத்தை மூதாதை என்பார்கள். பிறகு 'வார்கிராஃப்ட் 3' ஆடிய ரசிகர்கள் தாங்களே வரைந்துகொண்ட வரைபடங்கள் வந்தன. 2007-இல் பிரவுசரிலேயே ஆடக்கூடிய 'டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ்' வந்தபோது உலகம் முழுக்க அலுவலகங்களில் வேலை கெட்டது. ஆனாலும் ஆட்டத்தின் குணம் நம் திண்ணையில் இருந்ததுதான். தாத்தா பாட்டி இருக்கிற வீட்டில் பேரனின் ஆட்டத்தை அவர்களிடம் காட்டிப் பாருங்கள். 'அங்க வைக்காதடா, பின்னால காலியா இருக்கு பாரு' என்று அவர்களே சொல்வார்கள்.

போனில் இது எப்படி நடக்கும்? திரையில் ஒரு பாதை. ஒரு முனையில் எதிரிகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் 'அலை' என்று பெயர். மறுமுனையில் நம் ஊர். எதிரிகள் ஊருக்குள் நுழைவதற்குள் பாதை ஓரமாகக் கோபுரங்களை வைத்துத் தடுக்க வேண்டும். ஒவ்வொரு கோபுரத்துக்கும் விலை உண்டு. ஓர் எதிரி விழுந்தால் கொஞ்சம் தங்கம் வரும். அதை வைத்து அடுத்த கோபுரம். அவ்வளவுதான் விதி.

விதி சின்னது, யோசனை பெரிது. நேரான சாலையின் ஓரத்தில் கோபுரம் வைத்தால் எதிரி அதன் எல்லைக்குள் ஒருமுறை நுழைந்து வெளியேறிவிடுவான். அதே கோபுரத்தைக் கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் வைத்தால் போகும்போதும் அடி, திரும்பி வரும்போதும் அடி. செலவு ஒன்றுதான், வேலை இரண்டு மடங்கு. எதிரியை மெதுவாக்கும் கோபுரம் ஒன்று, கூட்டத்தின்மேல் குண்டு போடும் கோபுரம் ஒன்று. தனித்தனியாக வைத்தால் இரண்டும் சுமார், பக்கத்தில் வைத்தால் எமன். இதையெல்லாம் எந்த டியூஷனும் சொல்லித்தருவதில்லை. பையன் நான்கு முறை தோற்றுத் தானாகவே கண்டுபிடிப்பான்.

இந்த வகையில் முதன்முதலாக ஆட ஒன்று சொல்லுங்கள் என்றால், வயது வித்தியாசம் இல்லாமல் நான் சொல்வது 'பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸோம்பீஸ்'. 2009-இல் வந்தது. வீட்டுப் புல்வெளியில் ஐந்து வரிசை. ஒரு பக்கம் நம் வீடு, மறுபக்கத்திலிருந்து ஸோம்பிகள் ஆடி அசைந்து வரும். நம்மிடம் ஆயுதம் கிடையாது, செடிகள்தான். பட்டாணிச் செடி பட்டாணியைத் துப்பும். ஆனால் அது வாங்க வெயில் வேண்டும். வெயில் வேண்டுமென்றால் சூரியகாந்தி நட வேண்டும். சூரியகாந்தியின் விலை 50, பட்டாணிச் செடி 100, விழுகிற வெயில் ஒன்றுக்கு 25. ஸோம்பி வருகிறதே என்று பயந்து முதலிலேயே எல்லாக் காசையும் பட்டாணியில் போட்டால் பாதி ஆட்டத்தில் கை வறண்டுவிடும். சூரியகாந்தியையே நட்டுக்கொண்டிருந்தால் ஸோம்பி வாசலுக்கு வந்துவிடும். விதைநெல்லை எடுத்துச் சமைப்பதா வேண்டாமா என்ற கேள்வி டெல்டாக்காரர்களுக்குப் புதிதா என்ன?

இதைவிட ஒரு படி கடினமானது 'கிங்டம் ரஷ்'. வடிவமைத்தவர்கள் தென் அமெரிக்காவில் உருகுவே என்ற நாட்டுக்காரர்கள். மக்கள்தொகையில் நம் சென்னையைவிடச் சிறிய நாடு. அங்கே மூன்று பேர் தொடங்கிய 'அயர்ன்ஹைட்' என்ற சின்னக் குழு 2011-இல் இதை வெளியிட்டது. வில்லாளிக் கோபுரம், மந்திரவாதிக் கோபுரம், பீரங்கி, படைவீடு என்று நான்கே வகை. படைவீட்டிலிருந்து சிப்பாய்கள் இறங்கி நடுச்சாலையில் எதிரியை மறித்து நிற்பார்கள். அவர்கள் மறிக்கிற நேரத்தில்தான் மற்ற மூன்றும் சுட வேண்டும். கூடுதல் நாயகர்களைத் தனியாக விற்கிறார்கள். அவர்கள் இல்லாமலேயே முடித்துவிடலாம் என்பது என் அனுபவம்.

சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் 'புளூன்ஸ்'. நியூசிலாந்துக்காரர்கள் செய்தது. குரங்குகள் ஊசி எறிந்து பலூன்களை உடைக்கும். ரத்தம் இல்லை, சாவு இல்லை. பலூன்தானே என்று அலட்சியமாக ஆரம்பிப்பீர்கள். நாற்பதாவது அலையில் வியர்க்கும்.

இப்படிப் பெரிய நிறுவனத்தின் முதலீடு இல்லாமல் இரண்டு பேர், ஐந்து பேர், சிலசமயம் ஒரே ஆள் உட்கார்ந்து செய்கிற ஆட்டங்களை 'இண்டி' என்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பெரிய ஓட்டலுக்கும் வீட்டு வாசலில் இட்லி ஊற்றுகிற அக்காவுக்கும் உள்ள வித்தியாசம். அக்காவிடம் நாற்பது வகை கிடையாது. இருக்கிற ரெண்டு வகையில் அவர் கை தெரியும்.

அடுத்து, அந்தத் தங்கச்சி மகன் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்துக்கு வருகிறேன். அவன் திரையை எட்டிப் பார்த்தேன். 'மைண்டஸ்ட்ரி'. இதில் கோபுரம் வைப்பதோடு வேலை முடியாது. கோபுரத்துக்குத் தோட்டா எங்கிருந்து வரும்? அதையும் நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். பூமியில் செம்பு இருக்கிற இடத்தைப் பார்த்துத் துளைபோடும் எந்திரம் வைக்க வேண்டும். அங்கிருந்து துப்பாக்கிவரை ஓடும் பட்டை போட வேண்டும். அடுத்த நிலையில் நிலக்கரியை அழுத்திக் கிராஃபைட் எடுக்க வேண்டும். மணலையும் நிலக்கரியையும் உருக்கிச் சிலிக்கான் எடுக்க வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். ஒரு கோபுரம் நிற்க, பின்னால் ஒரு தொழிற்பேட்டையே ஓட வேண்டும். இதைத்தான் 'பேஸ் பில்டிங்', அதாவது தளம் கட்டுகிற ஆட்டம் என்கிறார்கள். டவர் டிஃபென்ஸும் தளம் கட்டுவதும் ஒன்றாகக் கலந்த ஆட்டம் இது.

பையன் அந்தப் பட்டைகளை எனக்குக் காட்டினான். ஓரிடத்தில் ஒரு பட்டை மூன்றாகப் பிரிந்தது. "இது ரௌட்டர் மாமா, எல்லாப் பக்கமும் பிரிச்சு விடும். இது சார்ட்டர், செம்பு மட்டும்தான் உள்ள விடும். இது ஓவர்ஃப்ளோ கேட். நேரா போற பக்கம் நிரம்பினாத்தான் சைடுல விடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, நீடாமங்கலம் போயிருக்கியா?" என்றேன்.

பஸ்ஸில் எத்தனை முறை அந்த ஊரைத் தாண்டியிருப்பான்! அங்கே மூணாறு தலைப்பு என்று ஓரிடம் இருக்கிறது. வெண்ணாறு அங்கே வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும். அவன் போனில் வைத்திருந்த ரௌட்டர் அதுதான், ஷட்டர் போட்ட ரௌட்டர். இன்னும் மேலே போனால் கல்லணை. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றுக்கும் அங்கே தண்ணீரைப் பங்கு வைப்பார்கள். வெள்ளம் மிஞ்சினால்? கொள்ளிடத்தில் திறந்துவிடுவார்கள். கொள்ளிடம்தான் அந்த ஓவர்ஃப்ளோ கேட். பையன் இரண்டு நிமிடம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "அப்ப நம்ம வாய்க்காலுக்கு யாரு மாமா சார்ட்டர் வைக்கிறது?"

இந்தக் கேள்விக்காகவே எனக்கு அந்த ஆட்டத்தைப் பிடித்துப்போனது. அதில் இன்னொரு பாடமும் உண்டு. பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே பட்டையில் விட்டால் துப்பாக்கியின் வாயில் மணல் வந்து நிற்கும். துப்பாக்கிக்கு மணல் ஆகாது. பட்டை அடைத்துக்கொள்ளும். பின்னால் லோடு லோடாகச் செம்பு இருந்தும் முன்னால் துப்பாக்கி பட்டினி. தலைமடையில் தண்ணீர் புரள, கடைமடையில் வயல் வெடிப்பதைப் பார்த்த ஊர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மைண்டஸ்ட்ரியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 2017-இல் ஒரு விளையாட்டுத் தயாரிப்புப் போட்டிக்காக 'அனுகென்' என்ற புனைபெயரில் ஒருவர் எழுதியது அது. பிறகு வளர்ந்துகொண்டே போனது. அதன் நிரல் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. யாரும் பார்க்கலாம், மாற்றலாம். ஆண்ட்ராய்டு போனில் இலவசம். விளம்பரம் இல்லை. கணினிக்கு ஸ்டீம் கடையில் விலைக்கு விற்கிறார்கள், விரும்பியவர்கள் வாங்குகிறார்கள். இலவசம் என்றாலே உள்ளே தூண்டில் இருக்கும் என்று நினைக்கப் பழகிவிட்ட நமக்கு, இப்படியும் ஒன்று இருக்கிறது என்பதே ஆச்சரியம்தான்.

தூண்டில் என்றதும் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். போனில் 'டவர் டிஃபென்ஸ்' என்று தேடினால் முதலில் வந்து நிற்பவற்றில் பாதி வேறு ரகம். அவை விற்பது நேரத்தை. கோட்டைச் சுவரை உயர்த்த வேண்டுமா? மூன்று நாள் காத்திரு. காத்திருக்க முடியாதா? ஜெம் வாங்கு. ஜெம் எங்கே கிடைக்கும்? அத்தாவின் கார்டில். 2012-இல் வந்து உலகம் முழுக்கப் பரவிய 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' இந்த வழியைப் பிரபலமாக்கியது. அந்த ஆட்டத்தில் திறமைக்கு இடமில்லை என்று சொல்ல மாட்டேன், நிறையவே இருக்கிறது. ஆனால் பொறுமையில்லாத பதிமூன்று வயதுக்கும் ஒரு கடிகாரத்துக்கும் நடுவில் பணப்பையை வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரே ஆட்டத்திலேயே இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸோம்பீஸ் முதல் பாகம் வந்தபோது ஒருமுறை வாங்கினால் எல்லாச் செடியும் உங்களுடையது. 2011-இல் அதைச் செய்த பாப்கேப் நிறுவனத்தை இ.ஏ. என்ற பெரிய நிறுவனம் வாங்கியது. 2013-இல் இரண்டாம் பாகம் இலவசமாக வந்தது. ஆனால் சில செடிகளைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இலவசமாக வந்ததுதான் செலவு வைக்கிறது.

விளம்பரத்தில் காட்டுவது ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்கிற தொல்லையும் உண்டு. ஊசியை இழுத்து ராஜாவைக் காப்பாற்றுகிற விளம்பரம் பார்த்திருப்பீர்கள். இறக்கிப் பார்த்தால் உள்ளே மிட்டாய் அடுக்குகிற ஆட்டம் இருக்கும். 2020-இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 'ஹோம்ஸ்கேப்ஸ்' ஆட்டத்தின் இப்படிப்பட்ட விளம்பரத்துக்குத் தடையே போட்டது.

நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் முதலில் செய்வது ஏரோப்ளேன் மோடு சோதனை. ஆட்டத்தை இறக்கியபின் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுத் திறந்து பாருங்கள். ஓடினால் நல்ல அறிகுறி. நெட் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓடமாட்டேன் என்று அடம்பிடித்தால், தனியாக ஆடுகிற ஆட்டத்துக்கு எதற்கு நெட் என்று கேளுங்கள். பிளே ஸ்டோரில் ஆட்டத்தின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் 'விளம்பரங்கள் உள்ளன', 'ஆப்ஸில் வாங்கலாம்' என்றெல்லாம் போட்டிருக்கும். இறக்குவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள். பிறகு ஒரு நட்சத்திர விமர்சனங்களைப் பாருங்கள். ஐந்து நட்சத்திரக்காரர்கள் 'சூப்பர்' என்று மட்டும் எழுதுவார்கள். பணம் எங்கே பிடுங்குகிறது என்பதை ஒரு நட்சத்திரக்காரர்தான் விலாவாரியாக எழுதுவார். விலைக்கு வாங்கியது பிடிக்கவில்லையென்றால் 48 மணி நேரத்துக்குள் பிளே ஸ்டோரிலேயே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கணினி இருக்கிற வீடென்றால் ஸ்டீமில் இன்னும் தாராளம்: வாங்கி 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் திருப்பித் தருவார்கள். புதியவர்களின் சோதனை முயற்சிகள் வேண்டுமென்றால் 'இட்ச்' என்ற தளம் இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் மூன்று நாளில் செய்து போட்ட ஆட்டங்கள்கூட அங்கே கிடைக்கும். கல்லும் உண்டு, வைரமும் உண்டு. பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன் பெரியவர்கள் ஒருமுறை பாருங்கள். எல்லா வயதினருக்குமான கடை அல்ல அது.

அந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தைச் சொல்கிறேன். அத்தாவும் பையனும் தினமும் வீடியோ காலில் பேசுவார்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே டியூஷன் முடிந்து பையன் வரும்போது அங்கே அத்தாவுக்குத் தூக்கம் சொக்கும். 'சாப்பிட்டியா?' 'சாப்பிட்டேன் அத்தா.' 'படிச்சியா?' 'படிச்சேன் அத்தா.' 'அம்மாட்ட குடு.' பல வருடங்களாக இவ்வளவுதான் பேச்சு. தங்கச்சியே சொன்னாள். சில மாதம் முன்பு பையன் தன் தளத்தை போட்டோ எடுத்து அனுப்ப, அத்தாவும் அங்கே ரூமில் அதை இறக்கியிருக்கிறார். அவர் வேலை பார்ப்பது ஒரு கிடங்கில். பெட்டிகள் பட்டையில் ஓடுவதை நாள் முழுக்கப் பார்க்கிற மனிதர். மகன் அனுப்பிய படத்தைப் பார்த்து அவர் சொன்னது: "எல்லா லைனையும் ஒரே இடத்துல கொண்டுவந்து சேர்த்திருக்க பாரு, அங்கதான் ஜாம் ஆகுது. ரெண்டா பிரி." இப்போது 'சாப்பிட்டியா'வுக்குப் பிறகு இருபது நிமிடம் பேச்சு ஓடுகிறது. அத்தா என்ன வேலை பார்க்கிறார் என்பதே அந்தப் பேச்சில்தான் பையனுக்குத் தெரிந்ததாம்.

அதற்காக 'நாள் முழுக்க ஆடட்டும்' என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 'இன்னும் ஒரே ஓர் அலை' என்று ஆரம்பித்து விடியவைக்கிற வலிமை இந்த ஆட்டங்களுக்கு இருக்கிறது. நல்ல ஆட்டம் என்பதால்தான் அந்த வலிமை. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனத்தைச் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நிறுத்த முடியாமல் போவது, படிப்பும் சாப்பாடும் தூக்கமும் பின்னுக்குப் போவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இது சுமார் ஒரு வருடம் நீடிப்பது என்பதுதான் அவர்கள் அளவுகோல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஆடிவிட்டான் என்பது நோய் அல்ல. இரவு ஒரு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது, மாதக்கணக்கில் தெரிகிறது, கேட்டால் கத்துகிறான் என்றால் மருத்துவரிடம் பேச வேண்டியதுதான்.

அன்றாடத்துக்கு ஒரு யோசனை. 'அரை மணி நேரம்' என்று கடிகாரம் வைத்தால் சண்டைதான் வரும். அலை நடுவில் போனை வாங்குவது அடுப்பில் தோசை இருக்கும்போது கேஸை நிறுத்துவது மாதிரி. 'ரெண்டு லெவல்' என்று பேசிக்கொள்ளுங்கள். கிங்டம் ரஷ் போன்றவற்றில் ஒரு லெவல் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் முடியும். முடிந்ததும் ஆட்டமே ஒரு மூச்சு விடும். அந்த இடத்தில் நிறுத்துவது பிள்ளைக்கும் சுலபம். மைண்டஸ்ட்ரி போன்ற தளம் கட்டும் ஆட்டங்களில் இந்த இடைவெளி தெளிவாக இருக்காது. அங்கே கொஞ்சம் கண்டிப்பு வேண்டும்.

பெரிய பிள்ளைகளும், பிள்ளைகள் தூங்கியபின் கணினியைத் திறக்கிற அப்பாக்களும் கேட்பார்கள் என்பதால் இரண்டு பெயர்கள். பிராக் நகரத்துக் குழு செய்த 'ஃபேக்டோரியோ': ஓர் அந்நியக் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்டு, கையால் கல் உடைப்பதில் ஆரம்பித்து ராக்கெட் விடுவதுவரை தொழிற்சாலை கட்டுவது. 2020-இல் முழு வடிவம் வந்தது. தள்ளுபடியே தருவதில்லை என்பது அவர்கள் கொள்கை. இரண்டாவது 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்'. டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் 2006 முதல் இலவசமாகக் கொடுத்துக்கொண்டு, ஆடுகிறவர்கள் விரும்பி அனுப்பிய நன்கொடையிலேயே வாழ்ந்தவர்கள். ஸாக்குக்குப் புற்றுநோய் வந்த பிறகுதான், மருத்துவச் செலவை நினைத்து, அழகான படங்களோடு விலைக்கு விற்கும் பதிப்பைத் தயாரித்தார்கள். 2022 டிசம்பரில் வந்ததும் லட்சக்கணக்கானோர் வாங்கினார்கள். பல வருடம் இலவசமாக ஆடியவர்களும் அதில் உண்டு.

சோழ மண்டலத்துக்காரர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆட்டத்தில் 2022-இல் இந்திய அரச வம்சங்களுக்கென்று ஒரு தொகுதி வந்தது. அதில் ராஜேந்திர சோழனின் கதையையே ஆடலாம். மைக்ரோசாஃப்ட் வெளியீடு என்பதால் இது இண்டி இல்லை. ஆனால் அதைச் செய்த 'ஃபர்காட்டன் எம்பயர்ஸ்' குழு, அந்த ஆட்டத்தின் மேலுள்ள பிரியத்தில் சொந்தமாகக் கூடுதல் பாகம் செய்துபார்த்த ரசிகர்களாகத் தொடங்கியவர்கள். தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையைச் சமையல் வழியாகச் சொன்ன 'வெண்பா' ஆட்டமும் டொரன்டோவில் 'விசை கேம்ஸ்' என்ற சின்னக் குழு செய்ததுதான். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அதற்குச் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருது கொடுத்தது.

இட்லிக்கும் புட்டுக்கும் ஆட்டம் வந்துவிட்டது. தண்ணீருக்கு வர வேண்டாமா?

அந்தப் பையனும் நானும் ஒரு நோட்டில் கிறுக்கத் தொடங்கியிருக்கிறோம். 'கோடோ' என்று ஓர் ஆட்டம் செய்யும் கருவி இருக்கிறது. அர்ஜென்டினாக்காரர்கள் இருவர் தொடங்கியது, முழுக்க இலவசம், ஆண்ட்ராய்டு போனிலும் வேலை செய்யும். அதில் செய்து பார்ப்பதாகத் திட்டம். ஆட்டத்தின் பெயர் 'கடைமடை'. ஜூன் 12 மேட்டூர் திறக்கிறது, அதுதான் தொடக்கம். கையில் குறுவைக்கான விதை, கொஞ்சம் கூலி, பத்து மதகு. முதல் அலையில் தண்ணீர் போதாது. வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்கும். தூர்வாரினால் விதைக்குக் காசு குறையும். ஐப்பசி, கார்த்திகையில் அலை தலைகீழாகும். அதுவரை வேண்டி வேண்டிக் கொண்டுவந்த தண்ணீரை இப்போது வடியவைக்க வேண்டும். அதே மதகு, எதிர் வேலை. கடலோர வயல்களில் உப்புநீர் பின்னாலிருந்து ஏறும். ஆட்டுக்குப் பின்னால் ஓட்டை இருந்தால் புலி குதிக்கிற மாதிரி.

ஒரு விதியில் மட்டும் எங்களுக்குள் தகராறு. மதிப்பெண்ணை மொத்த மகசூலில் கணக்கிட வேண்டும் என்கிறான் பையன். அப்படிச் செய்தால் ஆடுகிறவன் தலைமடையிலேயே தண்ணீரை நிறுத்திச் சுலபமாக ஜெயித்துவிடுவான் என்கிறேன் நான். கடைசி வாய்க்காலின் கடைசி வயல் விளைந்தால்தான் லெவல் முடிய வேண்டும் என்பது என் கட்சி. வீடியோ காலில் அத்தாவிடம் கேட்டோம். "ரெண்டு மோடு வை. ஈசி, ஹார்டு" என்றார்.

நோட்டில் இப்போதைக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறது. மதகின் படம் மட்டும் சரியாக வரவில்லை. வரும் சனிக்கிழமை நீடாமங்கலம் போய்ப் பார்த்து வரைவதாக இருக்கிறோம். தங்கச்சியும் வருகிறேன் என்றிருக்கிறாள்.